மினி டிராக்டர்: எந்த வண்டி, எந்த டீலர்?

கேள்வி — 8 ஜூன் 2025, காலை

கோபிசெட்டிபாளையம் அருகே நாலரை ஏக்கர் தென்னை, இரண்டு ஏக்கர் வாழை, அரக்கன்கோட்டை வாய்க்கால் பாசனத்தில் ஒன்றரை ஏக்கர் நெல் வைத்திருக்கிறேன். வாடகை வண்டி கேட்ட நாளில் வருவதில்லை என்பதால் சொந்தமாக ஒரு மினி டிராக்டர் வாங்க முடிவு செய்திருக்கிறேன். 24 எச்.பி. போதும் என்கிறார் ஒருவர். 28-க்குக் குறைந்தால் வாங்கவே வேண்டாம் என்கிறார் இன்னொருவர். எந்தக் கம்பெனி நல்லது என்று கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள். எனக்குத் தோன்றுவது இதுதான்: எல்லா வண்டியும் ஏறத்தாழ ஒன்றே, விலையை யார் அதிகம் குறைக்கிறாரோ அவரிடம் வாங்கிவிடலாம். இது சரிதானா?

8 ஜூன் 2025, இரவு

சரியில்லை. வண்டிகள் ஏறத்தாழ ஒன்று என்பதில் பாதி உண்மை இருக்கிறது. டீலர்கள் ஒன்று என்பதில் சிறிதும் இல்லை. ஆனால் அதற்கு முன்பே உங்கள் கேள்வியில் முக்கியமான ஒன்று விடுபட்டிருக்கிறது. அந்த வண்டியின் பின்னால் எதை மாட்டப் போகிறீர்கள்? ரோட்டாவேட்டரா (கத்திகள் சுழன்று மண்ணைப் பொடியாக்கும் கருவி), ஐந்து கொழுக் கலப்பையா, மருந்து தெளிப்பானா, டிரெய்லரா? வண்டி தானாக எந்த வேலையும் செய்வதில்லை. மாட்டும் கருவியை முதலில் முடிவு செய்யுங்கள். அதை இழுக்கவும் சுழற்றவும் தூக்கவும் தேவையான வண்டியைப் பிறகு தேடலாம்.

9 ஜூன் 2025

கருவிக்கும் முன்னால் ஓர் அளவை இருக்கிறது. நாளைக் காலை ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போங்கள்.

தென்னையை வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரைப்படி 25 அடிக்கு 25 அடி நட்டிருந்தால் அகலம் உங்களுக்குத் தடையே அல்ல, 45 எச்.பி. வண்டியும் அதற்குள் தாராளமாகத் திரும்பும். அங்கே தடை உயரம்தான். இளந்தென்னையின் மட்டைகள் தாழ்ந்து தொங்கும்போது, மேல்நோக்கி நிற்கும் சைலன்சர் ஒவ்வொரு வரிசையிலும் அவற்றில் இடிக்கும். தோப்புக்கென்று வாங்குபவர் சைலன்சர் பக்கவாட்டிலோ கீழ்ப்புறமோ போகும் வண்டியைத்தான் பார்க்க வேண்டும்.

வாழை வேறு கதை. ஆறடிக்கு ஆறடி நட்ட வாழைக்குள் மூன்றரை அடி அகல வண்டி, கன்று சிறிதாக இருக்கும் முதல் சில மாதங்களுக்கு மட்டுமே போக முடியும்; இலை விரிந்த பிறகு வண்டியை உள்ளே விட்டால் கிழிபடும் இலைக்கு யாரும் ஈடு தர மாட்டார்கள். இணை வரிசையாக நட்டு, நடுவில் அகலமான பாதை விடுபவர்களுக்கு மட்டும்தான் வாழையில் மினி டிராக்டர் கடைசிவரை உதவும். நீங்கள் எப்படி நட்டிருக்கிறீர்கள் என்பதை எழுதுங்கள். ஆறடிக்கு ஆறடி என்றால், வாழையை இந்தக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டு அதற்குத் தனியாக ஒரு பவர் வீடர் (பின்னால் நடந்தபடி ஓட்டும் களையெடுக்கும் இயந்திரம்) வாங்குவதே மேல்.

அளக்கும்போது வரிசை இடைவெளியை மட்டும் அளக்காமல், வரப்போரத்தில் வண்டி திரும்புவதற்கு எவ்வளவு இடம் விட்டிருக்கிறீர்கள், சொட்டுநீர்க் குழாய் எங்கே ஓடுகிறது, தோட்டத்துக்குள் நுழையும் கடவு எத்தனை அடி என்பவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். உடுமலைப் பக்கத்தில் எங்கள் ஊரில் ஒருவர் வண்டியை வாங்கி வந்த பிறகு கடவுக் கல்லைப் பிடுங்கி நட்டார்.

10 ஜூன் 2025

இப்போது எச்.பி. பற்றிய பேச்சு. முகப்பில் எழுதியிருப்பது என்ஜினின் எச்.பி. ரோட்டாவேட்டருக்குப் போய்ச் சேர்வது பி.டி.ஓ. எச்.பி., அதாவது கருவியைச் சுழற்ற வண்டியின் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் தண்டில் கிடைக்கும் திறன். இடையில் கியர்கள் விழுங்குவது போக மீதிதான் கிடைக்கும் என்பதால், 24 என்று எழுதிய இரண்டு வண்டிகளின் பி.டி.ஓ. திறன் ஒன்றாக இருக்கும் என்று நம்ப வேண்டாம். விளம்பரத் தாளில் இதைத் தேடுவதைவிட, மத்தியப் பிரதேசத்தின் புத்னியில் உள்ள மத்திய அரசின் பண்ணை இயந்திரப் பயிற்சி மற்றும் சோதனை நிறுவனம் வெளியிடும் சோதனை அறிக்கையைப் படிக்கலாம். பி.டி.ஓ. திறன், இழுவைத் திறன், டீசல் செலவு, ஹைட்ராலிக் தூக்கும் எடை, திரும்பும் வட்டம் எல்லாம் அதில் அளந்து எழுதப்பட்டிருக்கும். டீலரிடம் "இந்த மாடலின் புத்னி ரிப்போர்ட் இருக்கிறதா?" என்று கேட்டுப் பாருங்கள். இருக்கிறது என்று எடுத்துத் தருபவரை நான் உடனே மதிப்பேன்.

தமிழ்நாட்டில் இந்த அளவில் கிடைக்கும் வண்டிகளைப் பொதுவாக மூன்று படிகளாகப் பார்க்கலாம். 15 எச்.பி. படியில் மஹிந்திரா யுவராஜ் 215, ஸ்வராஜ் 717 போன்ற ஒற்றை சிலிண்டர் வண்டிகள் இருக்கின்றன; களை உழவுக்கும் சிறு டிரெய்லருக்கும் இவை போதும். அடுத்த படியில் குபோட்டாவின் நியோஸ்டார் ஏ211என் 21 எச்.பி., அதே வரிசையின் பி2441 24 எச்.பி., மஹிந்திராவின் ஜீவோ 245 24 எச்.பி. அதற்கும் மேலே 27 எச்.பி. பி2741, 28 எச்.பி. ஜான் டீர் 3028ஈஎன், 29 எச்.பி. ஸ்வராஜ் டார்கெட் 630 ஆகியவை நிற்கின்றன. ஒரே 24 எச்.பி.யைக் குபோட்டா மூன்று சிலிண்டரில் தருகிறது, ஜீவோ இரண்டு சிலிண்டரில் தருகிறது. மூன்று சிலிண்டரில் அதிர்வு குறையும். இரண்டு சிலிண்டர் என்ஜின் குறைந்த சுற்றிலேயே தன் முழுத் திறனைத் தந்துவிடும். இதில் எது மேல் என்று நான் சொல்ல மாட்டேன். பாதி நாள் அதன் இருக்கையில் உட்கார்ந்து ஓட்டிப் பார்த்த உங்கள் இடுப்பு சொல்லும்.

ரோட்டாவேட்டர் அளவு பற்றி ஒரு வார்த்தை. கருவியின் வெட்டு அகலம் வண்டியின் பின்சக்கர வெளி அகலத்தை மூட வேண்டும். இல்லாவிட்டால் சக்கரத் தடம் உழாமல் கெட்டித்துக் கிடக்கும். ஆகவே மூன்றரை அடி அகல வண்டிக்கு மூன்றடி ரோட்டாவேட்டர் விலை குறைவு என்று தலையில் கட்டப் பார்த்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

12 ஜூன் 2025

கிளட்ச் பற்றி எழுத மறந்துவிடக் கூடாது. ஒற்றைக் கிளட்ச் வண்டியில் கிளட்சை மிதித்தால் வண்டியும் நிற்கும், பி.டி.ஓ.வும் நிற்கும். வரிசை முடிவில் திரும்பும்போதெல்லாம் ரோட்டாவேட்டர் நின்று நின்று ஓடும். இரட்டைக் கிளட்சோ, தனித்தியங்கும் பி.டி.ஓ.வோ இருந்தால் இந்தத் தொல்லை இல்லை. விலை வேறுபாடு இருந்தாலும், ரோட்டாவேட்டரையே முக்கியக் கருவியாகக் கொண்டவர் இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம்.

15 ஜூன் 2025

கேட்டவர் பதில் எழுதியிருக்கிறார்: வாழை ஆறடிக்கு ஆறடிதான், நெல் வயலில் தொழி உழவும் (நடவுக்கு முந்திய சேற்று உழவு) இந்த வண்டியாலேயே செய்ய வேண்டும். இதனால் 9-ஆம் தேதி எழுதியதைக் கொஞ்சம் திருத்தி நினைக்க வேண்டியிருக்கிறது. வாழை கணக்கிலிருந்து போகிறது. தோப்பும் சேறும் எதிரெதிராக இழுக்கின்றன.

தோப்பின் காய்ந்த செம்மண்ணில் எடை வேண்டும். எடை இல்லாத வண்டி கலப்பையை ஆழத்தில் இழுக்க முடியாமல் சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டு நிற்கும். சேற்றில் எடை கூடாது. கனமான வண்டி அடிமண்ணின் கெட்டிப் படுகையை உடைத்துக்கொண்டு இறங்கும். ஒருமுறை உடைந்த இடத்தில் அடுத்த போகத்திலும் வண்டி புதையும், தண்ணீரும் நிற்காது. இந்த இரண்டுக்கும் நடுவே நிற்பதற்கு எனக்குத் தெரிந்த வழி, எடை குறைந்த நான்கு சக்கர இயக்க வண்டியை வாங்கி, தோப்பில் உழும்போது மட்டும் முன்பக்க எடைக்கட்டிகளையும் பின்சக்கர எடைகளையும் மாட்டிக்கொள்வது. டயருக்குள் தண்ணீர் நிரப்பி எடை கூட்டும் வழக்கமும் இருக்கிறது. ஆனால் மாதத்துக்கு ஒருமுறை சேற்றுக்கும் மேட்டுக்கும் மாறுபவருக்கு அது வசதிப்படாது, கழற்றி மாட்டும் எடையே நல்லது.

நான்கு சக்கர இயக்கத்தில் இரண்டு செய்திகள். சேற்றில் இறங்கும் வண்டியின் முன் அச்சு முழுவதும் மூடப்பட்டதாக இருக்க வேண்டும். பெவல் கியர் அமைப்பு அதற்கு ஏற்றது, அதன் ஆயில் சீல் பாழானால் தண்ணீர் உள்ளே போய் எண்ணெய் பால்போல வெளுத்துவிடும். சேற்று வேலை முடிந்ததும் அந்த எண்ணெயைத் திறந்து பாருங்கள். அடுத்தது, முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிடச் சற்றே முந்தி ஓடும்படிதான் அந்த இயக்கம் அமைக்கப்படுகிறது. மண்ணில் அது இழுவையாகும். தார்ச்சாலையில் அது டயரையும் கியரையும் தின்னும். வயலைவிட்டு ஏறியவுடன் நான்கு சக்கர இயக்கத்தின் நெம்புகோலைத் தள்ளி அதை நிறுத்திவிடும் பழக்கத்தை ஓட்டுநருக்கு முதல் நாளே சொல்லிக் கொடுக்க வேண்டும். டயர் மாற்றும்போது முன்னுக்கும் பின்னுக்கும் கம்பெனி சொன்ன அளவையே போட வேண்டும் என்பதற்கும் காரணம் இதுதான்.

ஆக, உங்கள் தென்னைக்கும் நெல்லுக்கும் என் கணக்கில் 24 முதல் 28 வரையிலான நான்கு சக்கர இயக்க வண்டி, இரட்டைக் கிளட்ச், பவர் ஸ்டீயரிங், எண்ணெயில் மூழ்கிய பிரேக். உலர் பிரேக்கில் சேறு ஏறினால் பிடிமானம் போய்விடும். அதைப் பற்றி விவாதிக்கவே தேவையில்லை.

தென்னையைப் பற்றி ஒன்று கேட்டுக்கொள்கிறேன். தூரைச் சுற்றி ஆறடிக்குள் ரோட்டாவேட்டரை விடாதீர்கள். எருவும் உரமும் அந்த வட்டத்துக்குள்தான் இடுகிறோம், உண்ணும் வேர்களும் அங்கேதான் நெருங்கி இருக்கின்றன. மினி டிராக்டர் சிறியது என்பதாலேயே மரத்தை ஒட்டி ஓட்டத் தோன்றும். அப்படி வருடா வருடம் வேரறுக்கப்பட்ட தோப்புகளைப் பார்த்திருக்கிறேன், மனம் கனக்கிறது.

22 ஜூன் 2025

இனி டீலர். கேட்டவரின் முதல் வாதத்துக்கு இப்போதுதான் வருகிறேன்.

நான் முதலில் ஒரு 24 எச்.பி. வண்டி வாங்கியபோது, எங்கள் வட்டத்தில் பெரிய டிராக்டர்களை நிறைய விற்றுக்கொண்டிருந்த ஒரு டீலரிடம் வாங்கினேன். நல்ல பெயர், பெரிய பணிமனை, குளிரூட்டிய ஷோரூம். ஐப்பசி மழையில் முன் அச்சின் ஆயில் சீல் போனது. மழை விட்டதும் உழுதாக வேண்டிய நேரம். பணிமனையில் 45 எச்.பி. வண்டிக்கான உதிரிபாகம் அலமாரி நிறைய இருந்தது. என் வண்டிக்கான சீல் ஒன்றுகூட இல்லை. "கோயமுத்தூர்ல இருந்து வரோணுங்க" என்றார்கள். அது வருவதற்குள் மண்ணின் பதம் போய்விட்டது. அங்கிருந்த மெக்கானிக் திறமையானவர், ஆனால் இந்தச் சிறிய வண்டியின் முன் அச்சை அவர் அதற்கு முன் பிரித்ததே இல்லை. அவரைக் குறை சொல்லி என்ன பயன்? அந்தக் கடையில் மினி வண்டி அபூர்வமாகத்தான் விற்கும்.

பெரிய வண்டிக்கு நல்ல டீலர் சிறிய வண்டிக்கும் நல்ல டீலர் என்று எண்ண முடியாது என்பதை அன்று தெரிந்துகொண்டேன். அதன் பிறகு எங்கள் பகுதியில் யார் கேட்டாலும் நான் சொல்லும் முதல் கேள்வி இது: "போன வருசம் இந்த மாடலில் எத்தனை வண்டி கொடுத்திருக்கிறீர்கள், அவை எந்தெந்த ஊரில் ஓடுகின்றன?" விற்ற எண்ணிக்கை கூடினால்தான் உதிரிபாகம் அலமாரியில் இருக்கும், உதிரிபாகம் இருந்தால்தான் மெக்கானிக்கின் கை அந்த வண்டியில் பழகும்.

ஷோரூமுக்குப் போகாதீர்கள், பின்புறமுள்ள பணிமனைக்குப் போங்கள். அதுவும் வேலை இல்லாத சித்திரையில் போனால் எல்லாப் பணிமனையும் ஒழுங்காகத்தான் தெரியும். ஆடிப் பட்டம் நெருங்கும் நேரத்தில், அல்லது உங்கள் பக்கம் வாய்க்காலில் தண்ணீர் விட்டு எல்லாரும் தொழி உழும் வாரத்தில் போய் நில்லுங்கள். பிரித்துப்போட்ட வண்டிகள் எத்தனை, அவற்றின் மேல் எவ்வளவு தூசி படிந்திருக்கிறது, காத்திருக்கும் விவசாயியிடம் பேசுபவரின் குரல் எப்படி இருக்கிறது என்பதைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். பிறகு உதிரிபாகக் கவுண்டரில், வண்டி வாங்க வந்தவர் என்று சொல்லாமல், டீசல் ஃபில்டர், ஃபேன் பெல்ட், கிளட்ச் பிளேட், முன் அச்சு சீல், ஹைட்ராலிக் பம்ப் சீல் கிட் ஆகியவற்றின் விலையைக் கேளுங்கள். ஃபில்டரும் பெல்ட்டும் எல்லா இடத்திலும் கிடைக்கும். மற்ற மூன்றையும் கையில் எடுத்துக் காட்ட முடிகிறதா என்பதுதான் சோதனை.

மெக்கானிக்கிடம் தேநீர் குடித்தபடி பேசுங்கள். எத்தனை வருடமாக அங்கே இருக்கிறார், கம்பெனிப் பயிற்சிக்கு அனுப்பினார்களா, தோட்டத்துக்கே வந்து பார்ப்பாரா, வந்தால் பெட்ரோல் செலவு யாருடையது. மெக்கானிக்குகள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாறும் கடையில் முதலாளி எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் நான் வாங்க மாட்டேன்.

டீலர் தரும் வாடிக்கையாளர் பட்டியலில் போன மாதம் வாங்கியவரைக் கேட்டுப் பயனில்லை. புது வண்டிக்காரர் எல்லாரும் மகிழ்ச்சியாகத்தான் இருப்பார்கள். இலவச சர்வீஸ் கூப்பன்கள் தீர்ந்து, காசு கொடுத்து சர்வீஸ் செய்யத் தொடங்கிய இரண்டு மூன்று வருடத்து வண்டிக்காரரைத் தேடிப் பேசுங்கள்.

23 ஜூன் 2025

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர், "அருகில் இருக்கும் டீலரா, நல்ல டீலரா என்று வந்தால் எது?" என்று கேட்கிறார். இதைப் பற்றி நானும் இரவு முழுக்க யோசித்தேன். தூரம் முக்கியம்தான், பெரிய பழுது என்றால் வண்டியை லாரியில் ஏற்றிச் செல்ல வேண்டும். ஆனாலும் இருபது கிலோமீட்டருக்குள் இருக்கும் அலட்சியமான கடையைவிட, ஐம்பது கிலோமீட்டரில் இருந்தாலும் பேருந்தில் பார்சல் போட்டு அன்றே சீலை அனுப்பிவைக்கும் கடை மேல். கோபிக்காரருக்கு ஈரோடு, சத்தியமங்கலம், பவானி என்று எல்லாத் திசையும் எட்டும் தூரம்தான். ஒரே கம்பெனிக்கு இரண்டு டீலர்கள் எட்டும் தூரத்தில் இருப்பது இன்னும் பாதுகாப்பு. கம்பெனிகள் டீலரை மாற்றுவதும், டீலர்கள் கடையை மூடுவதும் நடப்பதே. அப்படி மாறும்போது பழைய கடையின் பதிவேடு புதிய கடைக்கு ஒழுங்காகப் போகும் என்று நம்பாமல், ஒவ்வொரு சர்வீசையும் மணிக்கணக்கோடும் முத்திரையோடும் உங்கள் புத்தகத்தில் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்; வாரண்டி கேட்கும் நாளில் அந்தப் புத்தகம்தான் பேசும்.

6 ஜூலை 2025

மானியம் பற்றிப் பலர் கேட்கிறார்கள். வேளாண்மைப் பொறியியல் துறை வழியாக, மத்திய அரசின் வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கத் திட்டத்தில், சிறு குறு விவசாயிகள், ஆதிதிராவிடர், பழங்குடியினர், பெண்கள் ஆகியோருக்கு 50 சதவீதமும் மற்றவர்களுக்கு 40 சதவீதமும், ஒவ்வொரு கருவிக்கும் வகுத்த உச்சவரம்புக்கு உட்பட்டு வழங்குகிறார்கள். எந்த ஆண்டில் எந்தக் கருவிக்கு எவ்வளவு ஒதுக்கீடு என்பது மாறிக்கொண்டே இருக்கும் என்பதால், வருவாய்க் கோட்ட அளவில் இருக்கும் உதவிச் செயற்பொறியாளர் அலுவலகத்துக்கே நேரில் போய்க் கேட்பது நல்லது. சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் புத்தகம், சிறு குறு விவசாயி சான்று ஆகியவற்றைத் தயாராக வைத்துக்கொண்டு உழவன் செயலியிலும் பதிவு செய்யலாம்.

இதில் ஒரே எச்சரிக்கை: விண்ணப்பித்து, அனுமதி வந்த பிறகே வாங்க வேண்டும். "நீங்க வண்டிய எடுத்துட்டுப் போங்கண்ணா, மானியம் பின்னாடி நாங்க பாத்துக்கறோம்" என்று சொல்லும் டீலரை நம்பி எடுத்தவர்கள் மானியம் கிடைக்காமல் அலைந்ததை அறிவேன். அனுமதிக்கப்பட்ட மாடல்களின் பட்டியலில் நீங்கள் விரும்பும் வண்டி இருக்கிறதா என்பதையும் முன்கூட்டியே பாருங்கள். மானியம் கிடைக்கிறது என்பதற்காக உங்கள் தோட்டத்துக்கு ஒவ்வாத மாடலை எடுப்பதும் தவறு.

தென்னை மட்டையைத் துகளாக்கும் கருவியையும் சேர்த்து வாங்கலாமா என்று கேட்டவருக்கு: டிராக்டரில் ஓடும் அந்தக் கருவிகளில் பெரும்பாலானவை 35 எச்.பி.க்கு மேற்பட்ட வண்டியைக் கேட்பவை. மினி வண்டியில் மாட்டி என்ஜினைத் திணறடிக்க வேண்டாம். வருடத்துக்குச் சில நாள் வேலைக்கு அதை வாடகைக்கு எடுப்பதே போதும்.

13 ஜூலை 2025

கடன். டீலரின் மேசையருகே உட்கார்ந்திருக்கும் நிதி நிறுவன ஆள் "8 பெர்சென்ட்தான்" என்று சொன்னால், "பிளாட்டா, குறையும் நிலுவைக்கா?" என்று கேளுங்கள். பிளாட் என்றால் முழுக் கடனுக்கும் கடைசிவரை வட்டி; குறையும் நிலுவை என்றால் கட்டியது போக மீதிக்கு மட்டும் வட்டி. 4 லட்சம் ரூபாய்க்கு 8 சதவீத பிளாட் வட்டியில் 5 ஆண்டு என்றால் வட்டி மட்டும் 1,60,000. மாதத் தவணை 9,333 ரூபாய் வரும். குறையும் நிலுவைக் கணக்கில் அது ஆண்டுக்கு 14 சதவீதத்துக்குச் சமம். வங்கியின் விவசாயக் கடன் அதைவிடக் குறைவாகவும், அறுவடையை ஒட்டி அரையாண்டுத் தவணையாகவும் கிடைக்கக்கூடும். நில ஆவணம், வில்லங்கச் சான்று, வக்கீல் கருத்து என்று நாளாகும், அவ்வளவுதான். மாதச் சம்பளம் வராத நம்மைப் போன்றவருக்கு மாதத் தவணை கழுத்தை இறுக்கும். டீலர் விலையில் குறைத்த பத்தாயிரம் ரூபாயை வட்டியில் பல மடங்காகத் திரும்பக் கொடுத்தவர்கள் எங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். விலையை அதிகம் குறைப்பவரிடம் வாங்கலாம் என்ற முதல் வாதத்தை நான் ஏற்காததற்கு இதுவும் ஒரு காரணம்.

கொட்டேஷனை ஒரே தொகையாக வாங்காமல், வண்டி, காப்பீடு, பதிவு, கருவிகள், "இதர செலவு" என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். இதர செலவு என்ன என்று கேட்டால் சில இடங்களில் அந்த வரியே காணாமல் போகும்.

4 செப்டம்பர் 2025

கேட்டவர் இன்னும் வண்டி எடுக்கவில்லை என்று எழுதியிருந்தது நல்லதாகப் போயிற்று. நேற்று கூடிய ஜி.எஸ்.டி. மன்றம் டிராக்டருக்கான வரியை 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைத்திருக்கிறது. செப்டம்பர் 22 முதல் நடைமுறை. உழவுக் கருவிகளுக்கும் 12-இலிருந்து 5. டிராக்டர் டயருக்கும் பல உதிரிபாகங்களுக்கும் 18-இலிருந்து 5. வரியோடு 5,60,000 ரூபாய் என்று சொல்லப்பட்ட வண்டியின் அடிப்படை விலை 5,00,000. புதிய வரியில் அது 5,25,000 ஆக வேண்டும். 35,000 ரூபாய் குறைகிறது. பழைய கொட்டேஷனைக் கையில் வைத்துக்கொண்டு, 22-ஆம் தேதிக்குப் பிறகு அதே மாடலுக்குப் புதிய கொட்டேஷன் கேளுங்கள். அடிப்படை விலை உயர்ந்திருந்தால் ஏன் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. இதற்கிடையே "இப்பவே புக் பண்ணுங்க, ஸ்பெஷல் ஆஃபர்" என்று யாராவது அவசரப்படுத்தினால் சற்றுப் பொறுத்திருங்கள்.

7 செப்டம்பர் 2025

தள்ளுபடி பற்றி இன்னொன்று. அதிகத் தள்ளுபடி கிடைக்கும் வண்டி எப்போது செய்யப்பட்டது என்பதைப் பாருங்கள். விற்பனைச் சான்றான படிவம் 21-இல் தயாரித்த மாதமும் ஆண்டும் இருக்கும். போன ஆண்டு வண்டி என்றால் பதிவுப் புத்தகத்திலும் அந்த ஆண்டுதான் வரும். மறுவிற்பனையில் ஒரு வருட மதிப்பு அங்கேயே போய்விடும். வெயிலில் நின்ற டயரின் பக்கச் சுவர் வெடித்திருக்கிறதா, பேட்டரி புதியதா என்பதையும் கவனியுங்கள். தள்ளுபடி இந்த இழப்பை ஈடு செய்தால் வாங்கலாம், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

28 செப்டம்பர் 2025

பழைய மினி டிராக்டர் வாங்கலாமா என்று ஒருவர் நடுவில் கேட்டிருக்கிறார். கடனில் எடுத்த வண்டி என்றால், ஹைப்போதிகேஷனை (வண்டியின் மேலுள்ள கடன் அடமானம்) நீக்கும் படிவம் 35 இல்லாமல் முன்பணம்கூடத் தர வேண்டாம். காலையில் என்ஜின் சூடாகும் முன் நீங்களே போய் ஸ்டார்ட் செய்யுங்கள். ரோட்டாவேட்டரை மாட்டித் தூக்கி நிறுத்தி, என்ஜினை அணைத்துவிட்டுக் கவனித்தால், ஹைட்ராலிக்கின் நிலைமை தெரிந்துவிடும். சில நிமிடங்களில் கருவி தரையில் உட்கார்ந்தால் செலவு காத்திருக்கிறது. முன் அச்சு எண்ணெயை ஒரு சொட்டு எடுத்துப் பாருங்கள். ஜூன் 15-ஆம் தேதி எழுதியது இங்கும் பொருந்தும்.

12 அக்டோபர் 2025

கேட்டவர் எழுதியிருக்கிறார்: பணிமனைகளைச் சுற்றிப் பார்த்து, கடைசியில் ஷோரூம் சிறியதாக இருந்தாலும் முன் அச்சு சீலை அலமாரியிலிருந்து எடுத்துக் காட்டிய கடையில் 27 எச்.பி. வண்டிக்குச் சொல்லியிருக்கிறார், தீபாவளி கழித்து எடுக்கிறார். எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

எடுக்கும் நாளில் அவசரப்பட வேண்டாம். சேசிஸ் எண்ணும் என்ஜின் எண்ணும் பில்லிலும், படிவம் 21-இலும், தயாரிப்பாளர் தரும் தகுதிச் சான்றான படிவம் 22-இலும் ஒன்றாக இருக்கின்றனவா என்று வண்டியருகே நின்று ஒப்பிடுங்கள். டிரெய்லர் வாங்கினால் அதற்குத் தனிப் பதிவும் காப்பீடும் வேண்டும். ஓட்டுநரைத் தவிர வேறு யாரும் மட்கார்டில் உட்கார்ந்து போகக் கூடாது. அந்த இடத்துக்குக் காப்பீடும் இல்லை, விழுந்தால் பின்சக்கரத்துக்குள்தான் விழ வேண்டும். பி.டி.ஓ. ஷாஃப்டின் பிளாஸ்டிக் உறையைத் தொந்தரவு என்று கழற்றிவிடுகிறார்கள். தோளில் துண்டும் இடுப்பில் வேட்டியுமாக, முந்தானை பறக்கும் சேலையுமாக வேலை செய்யும் நம் ஊரில் அந்த உறை இல்லாமல் வண்டி ஓடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. டீலரே கழற்றித் தந்தாலும் மாட்டச் சொல்லி வாங்குங்கள்.

26 அக்டோபர் 2025

வண்டி வந்துவிட்டது, ரோட்டாவேட்டர் நாளை வருகிறது என்கிறார். ஒரு விஷயம் மட்டும், மாட்டுவதற்கு முன்பே. ரோட்டாவேட்டரோடு வரும் ஷாஃப்ட் பெரிய வண்டிகளின் நீளத்துக்குச் செய்யப்பட்டதாக இருக்கலாம். மினி வண்டியில் பி.டி.ஓ.வுக்கும் கருவிக்கும் இடையிலான தூரம் குறைவு. நீளமான ஷாஃப்டை அப்படியே மாட்டிக் கருவியைத் தூக்கி இறக்கினால், உள்குழாய் முட்டி, அந்த அழுத்தம் முழுவதும் பி.டி.ஓ. பேரிங்கிலும் கருவியின் கியர் பாக்சிலும் இறங்கும். புது வண்டியில் முதல் வாரமே எண்ணெய் ஒழுகுவதற்கு இது ஒரு காரணம். டீலரின் மெக்கானிக்கைத் தோட்டத்துக்கு வரவழைத்து, கருவியை மேலே, நடுவில், கீழே என்று மூன்று நிலையிலும் நிறுத்தி அளந்து, இரண்டு குழாய்களையும் உறையையும் ஒரே அளவு அறுத்து, பிசிறு தேய்த்து, கிரீஸ் வைத்து மாட்டச் சொல்லுங்கள். மிகக் குட்டையாகவும் அறுத்துவிடக் கூடாது. கருவி கீழே இருக்கும்போதும் குழாய்கள் ஒன்றுக்குள் ஒன்று போதிய நீளம் நுழைந்திருக்க வேண்டும்.

50 மணி ஓடியதும் முதல் சர்வீஸ். அதற்கு முன்பே, முதல் நாள் வேலை முடிந்ததும் சக்கர நட்டுகளை ஒருமுறை இறுக்கிவிடுங்கள்.